மஞ்சச் சீட்டும் ஒரு பெட்டிச் செய்தியும்

எங்கள் இணையதளத்தில் ஒரு சொற்றொடரைத் தட்டினால் நான்கு விவரங்கள் வரும்: அதன் பொருள், அது வழங்கும் ஊர்கள், எழுத்தில் கிடைத்த மிகப் பழைய சான்று, அது பிறந்த விதம். கடைசி விவரம் என் பொறுப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள், ஐந்து மேசைகள். பதினொரு மணிக்குமேல் பன் வேகும் வாசனை ஏறிவரும். ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர்ப் பதிப்பில் இருபத்திரண்டு ஆண்டுகள் துணை ஆசிரியராக இருந்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன்.

பிறந்த விதம் என்ற கட்டத்தில் மூன்று முத்திரைகளில் ஒன்றைத்தான் குத்தலாம். உறுதி, ஊகம், தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்ட பதிவுகளில் இருப்பது ‘தெரியவில்லை’. வாசகர்களுக்கு அது பிடிப்பதில்லை. அவர்களுக்கு ஒரு ராஜாவோ, ஒரு வெள்ளைக்காரத் துரையோ வேண்டும். எனக்கு ‘தெரியவில்லை’ என்ற சொல்லில் பெருமை உண்டு. நாளிதழில் இருந்த காலம் முழுவதும் அதை ஒரு முறைகூட அச்சேற்ற முடிந்ததில்லை. தெரியாததை நாங்கள் எழுதாமல் விட்டோம், அல்லது தெரிந்ததுபோல் எழுதினோம்.

சென்ற ஆண்டு ஜூலையில், தளத்தின் திருத்தப் பெட்டிக்கு ஒரு பெண் எழுதியிருந்தார். ‘மஞ்சச் சீட்டு கட்டுவது’ என்ற பதிவைப் பற்றியது. பெங்களூர்த் தமிழர்களிடம், அதிலும் ஓசூர் ரோடு பக்கத்தில், சகஜமாகக் காதில் விழும் பேச்சு இது. வேண்டும் என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் ஒன்றை நிறுத்தி வைத்தால், அதற்கு மஞ்சச் சீட்டு கட்டியாயிற்று என்பார்கள். பார்த்துவிட்டு வந்த வாடகை வீட்டுக்குக் கட்டலாம். நேர்முகத் தேர்வுக்கு வந்தவருக்குக் கட்டலாம். மாப்பிள்ளைக்கும் கட்டலாம்.

அது பிறந்த விதமாக எங்கள் தளம் சொன்னது இது: கண்டோன்மெண்டில் கொள்ளைநோய் பரவிய காலத்தில், நோய் இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்த வீடுகளின் கதவில் மஞ்சள் சீட்டு ஒன்றைக் கட்டிவிட்டுப் போவார்கள், முடிவு தெரியும்வரை யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. முத்திரை: உறுதி.

அந்தப் பெண் பொம்மசந்திராவில் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் தரச்சோதனைப் பிரிவில் வேலை செய்கிறார். அவருடைய அப்பாவும் அதே பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பேச்சு தன் அப்பாவின் மேசையிலிருந்து கிளம்பியது என்றும், நோய், கதவு எல்லாம் கதை என்றும் எழுதியிருந்தார். இந்த மாதிரிக் கடிதங்கள் எங்களுக்கு வாரத்துக்கு ஒன்றிரண்டு வரும். ஏதோ ஒரு சொல்லைக் கண்டுபிடித்த பெரியப்பாவோ தாய்மாமனோ எல்லா வீட்டிலும் இருக்கிறார். வழக்கமான பதிலை அனுப்பினேன்: தேதியுடன் கூடிய எழுத்துச் சான்று இருந்தால் அனுப்புங்கள், மகிழ்ச்சியுடன் பரிசீலிப்போம்.

ஒரே வரியில் பதில் வந்தது. “உங்ககிட்ட இருக்கிற ஆதாரத்துக்குத் தேதி இருக்கா சார்?”

அந்தப் பதிவு நான் சேருவதற்கு முன்னால் தன்னார்வலர்கள் போட்டது. அடிக்குறிப்பில் நான்கு சான்றுகள் இருந்தன. மூன்று இணையதளங்கள், ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு. மூன்று தளங்களையும் வரிசையாகத் திறந்தேன். ஒரே வாக்கியங்கள், கடைசித் தளத்தில் கூடுதலாக ஒரு துரையும் குதிரையும் சேர்ந்திருந்தார்கள். மூன்றும் அந்த ஞாயிறு இணைப்பிலிருந்து எடுத்தவை. ஆக நான்கு சான்றுகள் இல்லை, ஒன்றுதான். அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது பக்க மூலையில், கட்டம் கட்டிய பத்து வரி. எழுதியவர் பெயர் இல்லை. கடைசி வாக்கியம், ‘என்பது நம்மில் பலர் அறியாத சேதி’ என்று முடிந்தது.

அப்படி வாக்கியத்தை முடிக்கும் பழக்கம் அந்த அலுவலகத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. அது நான்.

உடனே எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது என்று சொன்னால் பொய். சிறிது நேரம் பிடித்தது. ஞாயிறு இணைப்பை வியாழக்கிழமை மதியம் முடிப்போம். அன்று மூன்று மணிக்கு ஒரு ஃபர்னிச்சர் கடை விளம்பரம் வராது என்று தகவல் வந்தது. பக்கத்தில் ஓட்டை. அப்படி விழும் ஓட்டையை அடைக்க ஒரு பெட்டிச் செய்தி எழுதுவது துணை ஆசிரியரின் வேலை. இருபது நிமிடத்தில் எழுத வேண்டும். பக்கம் வடிவமைக்கும் நண்பர் டீ குடித்துக்கொண்டே, மஞ்சச் சீட்டு என்பது பழைய நோய்க் காலத்து வழக்கத்திலிருந்து வந்ததாக இருக்கலாம் என்றார். அவரே யோசித்துச் சொன்னது. எழுதினேன். இரண்டு வரி நீளமாகிவிட்டது. ‘இருக்கலாம்’, ‘என்று கருத இடமுண்டு’, ‘என்கிறார் ஒருவர்’ ஆகியவற்றை எடுத்துவிட்டதும் பெட்டி கச்சிதமாக உட்கார்ந்தது. கச்சிதமாக உட்கார்ந்ததில் அன்று எனக்குத் திருப்தி. அதற்குப் பிறகு அதை நினைத்ததில்லை.

தளத்தை நடத்துபவர் கோயம்புத்தூர்ப் பெண். மென்பொருள் வேலையை விட்டுவிட்டு இதைத் தொடங்கியவர். என்னைவிட இருபது வயது இளையவர். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

“அப்ப நம்ம சைட்டுக்கு சோர்ஸ் நீங்களேதானுங்களா?”

“ஆமாம்.”

“உங்களுக்கு சோர்ஸ்?”

“ஒரு டீ.”

சிரித்தார், ஆனால் அதிக நேரம் இல்லை. கொள்ளைநோய்க் கதையை எடுத்துவிட்டுத் தெரியவில்லை என்று போட்டால் விதிப்படி வேலை முடிந்தது என்றார். அது சரிதான். நான்தான் ஒரு வாரம் கேட்டேன். என் பெட்டிச் செய்தி யாருடைய இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது என்று தெரிந்துகொள்ளாமல் அதை எடுத்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் எழுதிய பெண்ணிடம் தொலைபேசியில் பேசினேன். பெட்டிச் செய்தி என்னுடையது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். அவர் நடந்ததைச் சொன்னார். அவருடைய அப்பா வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவார். அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அது ஒன்றுதான். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விசேஷத்தில், சொந்தக்காரர்கள் நிறைந்த கூடத்தில், அவருடைய கணவர் விளையாட்டாகப் போனை எடுத்து எங்கள் பதிவை உரக்கப் படித்திருக்கிறார். மாமா, இது நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சாம் என்று முடித்திருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தாராம்.

“அன்னைலருந்து அதைப் பத்தி அவர் வாயே தெறக்கறதில்ல சார். யாராச்சும் கேட்டாலும், அது சும்னே, சும்மா ஒரு பேச்சுங்கறார். எங்கப்பா பொய் சொல்லித் திரிஞ்சாருன்னு வீட்ல எல்லாரும் நெனச்சிக்கிட்டிருக்காங்க.”

சனிக்கிழமை காலை பொம்மனஹள்ளிக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து மூன்றாவது கிராஸ் தெருவில், முதல் மாடியில் வீடு. அப்பா, அம்மா, மகள், மருமகன் நால்வரும் இருந்தார்கள். மருமகன் எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, கதவோரமாகச் சாய்ந்து நின்றுகொண்டார். தான் படித்துக் காட்டிய பதிவைப் பற்றித்தான் வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். அப்பா வெள்ளைச் சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, பாக்கெட்டில் பென்சில் வைத்திருந்தார். சொல்ல என்ன இருக்கிறது என்ற தோரணையில்தான் தொடங்கினார். கேள்வி கேட்கக் கேட்கத் துல்லியமாகச் சொன்னார்.

அவர் சேர்ந்த காலத்தில் அந்தத் தொழிற்சாலையில் இரண்டு சீட்டுகள்தான். பாஸ் என்றால் பச்சை, கழிவு என்றால் சிவப்பு. இரண்டிலும் சேராத உருப்படிகள் ஒவ்வொரு நாளும் நாலைந்து வரும். கன்னட மேற்பார்வையாளர், நாளெ நோடோண, நாளைக்குப் பார்க்கலாம் என்று ஓரமாக வைக்கச் சொல்லுவார். ஓரமாக வைத்தது காலை ஷிஃப்ட்டில் எப்படியோ பச்சைச் சீட்டோடு கலந்துவிடும். ஒருநாள் இவர், ரசீதுப் புத்தகத்தில் எதற்கும் பயன்படாமல் கிடந்த மூன்றாவது நகலைக் கிழித்து உருப்படியில் கட்டினார். அந்த நகல் மஞ்சள் நிறம். ஒரு மாதத்தில் இரண்டாம் ஷிஃப்ட் முழுக்க அதைக் கட்டியது. இன்னும் கொஞ்ச நாளில் கேண்டீன் சாம்பாருக்கும் லீவு விண்ணப்பத்துக்கும் மஞ்சச் சீட்டு கட்டத் தொடங்கிவிட்டார்கள். பல வருஷம் கழித்துத்தான் நிர்வாகமே மஞ்சள் அட்டை அடித்துக் கொடுத்தது.

கேட்க நன்றாக இருந்தது. என் பெட்டிச் செய்தியும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்றேன். ஷிஃப்ட் மாறும்போது எழுதும் பதிவேடு இருந்தது, கொட்டகையை மாற்றியபோது பழைய காகிதத்தோடு போய்விட்டது என்றார். பதிவேடு கிடைத்திருந்தாலும் அதில் உருப்படிகளுக்குச் சீட்டு கட்டியதுதான் இருக்கும். எனக்கு வேண்டியது, உருப்படி அல்லாத எதற்காவது அதைச் சொன்ன ஓர் எழுத்து. தொழிற்சங்க நோட்டீஸ்? இல்லை. ஆயுத பூஜை அழைப்பிதழ்? பெயரும் நேரமும் மட்டும்தான் இருக்கும்.

நாளிதழில் இருந்தபோது, கல்யாணச் செய்தி போட வருகிறவர்கள் அழைப்பிதழோடு ஒரு வாழ்த்து மடலையும் கொடுப்பார்கள். மாப்பிள்ளையோடு வேலை செய்பவர்கள் சேர்ந்து அச்சடித்து மண்டபத்தில் விநியோகிப்பது. கலர் காகிதம், கேலி, அடியில் தேதி, மண்டபத்தின் பெயர், அச்சகத்தின் பெயர். ஆயிரக்கணக்கில் குப்பைக்கூடையில் போட்டிருக்கிறேன்.

“இரண்டாம் ஷிஃப்ட்டில் யாருக்காவது கல்யாணம் நடந்து, நீங்கள் எல்லோரும் வாழ்த்து மடல் அடித்திருக்கிறீர்களா?” என்றேன்.

அப்பா சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதெல்லாம் யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்றார். பொய் சொல்லிப் பழகாதவர் என்பது தெரிந்தது.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். “கேக்கறாரில்ல? சொல்றது. மத்தவங்க கல்யாணத்துக்கு எதுக்குப் போவணும்?”

“ஏய், அது வேணாம்மா.”

“வேணாமாம். முப்பத்திமூணு வருஷமா வேணாம்.”

உள்ளே போய் பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பட்டுப் புடவைகளுக்கு அடியிலிருந்து, பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்த ரோஸ் நிறக் காகிதத்தை எடுத்துவந்து, அவரிடம் கொடுக்காமல் என்னிடம் கொடுத்தார். மகள் எட்டிப் பார்த்தார். அவரும் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

மடிப்பில் மை தேய்ந்திருந்தது. மற்றபடி எல்லாம் படிக்க முடிந்தது. மகள் வாங்கிப் படித்தார்.

“கண்ட பொருளுக்கெல்லாம் மஞ்சச் சீட்டு கட்டிய அண்ணனே, பெண் பார்த்து வந்தும் நாலு மாதம் மஞ்சச் சீட்டு கட்டினீர். இன்று மஞ்சக் கயிறு கட்டி பாஸ் செய்தீர். சீட்டைக் கண்டுபிடித்த செம்மலுக்கு இரண்டாம் ஷிஃப்ட்டின் வாழ்த்துகள்.”

கீழே தேதி, மாதம், ஆண்டு மூன்றும் இருந்தன. அல்சூரில் ஓர் அச்சகத்தின் பெயரும் இருந்தது. என் பெட்டிச் செய்திக்குப் பதினோரு ஆண்டுகள் முந்தியது.

நான் தேதியை இரண்டாம் முறை சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா விஷயத்தைச் சொன்னார். மண்டபத்தில், பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி அம்மாவின் பெரியப்பாதான் இதைப் படித்தாராம். பதில் வராத நாலு மாதமும் அவர் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது பெண் வீட்டுக்கு அப்போதுதான் தெரியும். அத்தை காதருகே வந்து, உன்கிட்ட என்னடி குறை கண்டான் என்று கேட்டாராம்.

“வீடு பாக்கத்தான் சார் லேட்டாச்சு” என்றார் அப்பா, என்னைப் பார்த்து.

“வீடு பாத்தது ரெண்டு மாசம். மீதி?”

அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமே என்று மகள் கேட்டார்.

“எதுக்குக் கிழிக்கணும்? நாளைக்கு இவரு அப்படியெல்லாம் இல்லவே இல்லன்னு சொன்னா, நான் எதைக் காட்டறது?”

துணை ஆசிரியர்கள் பலரோடு வேலை செய்திருக்கிறேன். ஆதாரம் எதற்கு என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கதவோரம் நின்ற மருமகன் என்னிடமிருந்து தாளை வாங்கித் தனக்குள் ஒருமுறை படித்தார். பிறகு அப்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “நாலு மாசமா மாமா? நான் நாலு நாள்ல சரின்னுட்டேன்.” அப்பா அவர் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிச் சிரித்தார். “அதான் மாப்ள, நீங்க இன்ஸ்பெக்ஷன்ல இல்ல.” இரண்டு வருடமாக வாய் திறக்காதவர், அதற்குப் பிறகு அரைமணி நேரம் நிறுத்தவில்லை. மருமகன்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பதிவைத் திருத்தி எழுதினேன். வாழ்த்து மடலின் படத்தைப் பெயர்களை மறைத்துப் போட்டோம். அது அம்மாவின் நிபந்தனை. கீழே ஒரு குறிப்பும் எழுதினேன்: ‘இங்கே முன்பு தந்திருந்த கொள்ளைநோய் விளக்கம் ஒரு நாளிதழ்ப் பெட்டிச் செய்தியை மட்டும் நம்பியது. அதை எழுதியவர் இந்தத் தளத்தின் ஆசிரியர்களுள் ஒருவர். அதற்கு ஆதாரம் இல்லை.’ கடைசிக்கு முந்தைய வாக்கியம் தேவைதானா என்று கோயம்புத்தூர்ப் பெண் கேட்டார். தேவை என்றேன். நாளிதழில் திருத்தம் என்பது ஏழாம் பக்கத்தில், வானிலைக்குக் கீழே, தவறைவிடச் சிறிய எழுத்தில் வரும். என் தவறைவிடப் பெரிய எழுத்தில் என் திருத்தம் வந்தது இந்த ஒரு முறைதான். அதன் அச்சுப் பிரதியை வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் எழுதிய எதையும் அப்படி வைத்துக்கொள்ளவில்லை. தளத்தின் விதியும் மாறியது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை எத்தனை இருந்தாலும் இனி அவை ஒரே சான்று.

வெளியிடும் முன் பதிவை அச்செடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். கிடைத்ததா என்று அழைத்துக் கேட்டேன், மகள் போனை அவரிடம் கொடுத்தார். இரண்டு நாள் இருக்கட்டும், மஞ்சச் சீட்டு கட்டி வைத்திருக்கிறேன் என்றார். சொன்னபடி இரண்டு நாளில் தாள் திரும்பி வந்தது, பென்சிலால் இரண்டு திருத்தங்களோடு. சீட்டைச் சணலால் கட்டியதாக எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு, கம்பி, சணலில் எண்ணெய் ஏறும் என்று எழுதியிருந்தார். இந்தப் பேச்சை உருவாக்கியவர் என்று எழுதியிருந்த இடத்தில் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் சிறிய, நேரான எழுத்தில் இப்படி: ‘சீட்டு என்னுடையது. பேச்சு ஷிஃப்ட்டுடையது.’

மடலில் ‘கண்டுபிடித்த செம்மல்’ என்று அச்சில் இருந்தது. அவர் சும்மா இருந்திருந்தால் எங்கள் விதிப்படி அந்தப் பெருமை முழுவதும் அவருக்கே போயிருக்கும். செய்தி தருகிறவர் தன் பங்கைக் குறைத்துத் திருத்தி அனுப்பியதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவர் சொன்னபடியே மாற்றினேன். முத்திரை: உறுதி. பதினைந்து மாதங்களில் நான் குத்திய உறுதிகளில் எந்தக் கேள்விக்கும் நான் பயப்படாத ஒன்று அது.

பதிவு வெளியான அன்று மாலை மகளிடமிருந்து செய்தி வந்தது. அவருடைய கணவர் அதைக் கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாராம், அடிக்குறிப்பு உட்பட. அப்பா மறுபடி படிக்கச் சொன்னாராம். அடுத்த வரி: “அப்பா பாஸ் பண்ணிட்டார் சார். அம்மா இன்னும் பண்ணல. நாலு மாசம் இல்லியாம், நாலரையாம். மாத்த முடியுமான்னு கேக்கறாங்க.”

தேதியுடன் எழுத்துச் சான்று இருந்தால் அனுப்பச் சொல்லிப் பதில் எழுதினேன். பீரோவில் தேடிக்கொண்டிருக்கிறாராம்.